ஐஸ் கம்பெனியில் ஒரு ட்ரம்பெட்

ட்ரம்பெட் ஊதுகிற தொழிலுக்கு மூச்சு வேண்டும், உதடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் ஆள் இல்லாத இடம் வேண்டும். முதல் இரண்டும் எனக்குச் சுமார்தான். மூன்றாவது மட்டும் தாராளமாக இருந்தது. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தேன். நாற்பதைத் தாண்டித்தான் ட்ரம்பெட்டைத் தொட்டேன். சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது.

உங்களில் யாராவது ராத்திரி வேலை பார்த்துவிட்டு, பகலில் தூக்கம் வராமல் ஃபேனை வெறித்துக்கொண்டு கிடப்பவராக இருந்தால், இந்த வினையை நான் ஏன் விலைக்கு வாங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவி மல்லிகா இறால் கம்பெனிக்குக் கிளம்புவாள். சாயந்திரம் அவள் வரும்போது நான் கிளம்புவேன். எங்கள் குடும்பம் வாசற்படியில்தான் நடந்தது. அந்தச் சமயத்தில்தான், கறம்பக்குடியில் பேண்டு செட் நடத்தும் ஆரோக்கியம் மாஸ்டரிடம் ட்ரம்பெட் ஊதியவர் துபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நேரில் போய் அந்த இடத்தைக் கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "சித்திரையில ஒரு ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊதிட்டீங்கன்னா எடம் ஒங்களுக்கு. இல்லைன்னா வேற ஆளு பாத்துருவேன்" என்றார்.

அந்த இடம் கிடைத்தால் ஐஸ் கம்பெனிக்கு முழுக்கு. மற்ற மனுசர்களைப் போலப் பகலில் உழைத்து, ராத்திரி பெண்டாட்டி பிள்ளைகளோடு தூங்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எடைத் தட்டில்

அறந்தாங்கியில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் அது கிடைத்தது. ஓட்டை அண்டா, குழாய் மூடி, உடைந்த மணி இவற்றோடு ஒரு சாக்கில் கிடந்தது. வாய்ப்பக்கம் ஒரு நசுங்கல், பட்டன் மூன்றும் கறுத்துப்போயிருந்தன. கடைக்கார பாய் அதைத் தூக்கிப் பித்தளைக் கணக்கில் எடைத் தட்டில் வைத்தார். எனக்கோ இதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. எந்தப் பட்டனுக்கு எந்த விரல் என்றும் தெரியாது. இதை நம்பித்தான் மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

என் முகத்தைப் பார்த்துப் பாய்க்கே பாவமாகிவிட்டது. "அண்ணே, ஊதத் தெரியும்ல? தெரியாதுன்னா சொல்லுங்க, உள்ள நல்ல குத்துவிளக்கு ஒண்ணு கெடக்கு. அது சத்தம் போடாது."

கேஸ் லீக்

முதல் சில வாரங்கள் ட்ரம்பெட்டிலிருந்து வந்தது வெறும் காற்றுதான். உதட்டை இறுக்கி அதிரவிட வேண்டும் என்பது தெரியாமல், பலூன் ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருந்தேன். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அமோனியா கேஸ் ஓடும் இடத்தில் இப்படி ஒரு சீறல் எதைக் குறிக்கும் என்பது ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். என்னோடு ஷிப்டில் இருந்த காளிமுத்து, ஐஸ் கேன் தூக்குகிறவன், தலைத்துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே ஓடிவிட்டான். ஓடும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டான். கம்ப்ரசர் நின்றுபோனது.

பாதி உறைந்த ஐஸ் தண்ணீராவதற்குள் மறுபடி ஓட்டியாக வேண்டும். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும். மாஸ்டரிடம் இடமும் உறுதியாகவில்லை. மெசினை ஓடவிட்டு, ரோட்டில் நின்றவனிடம் போய் ட்ரம்பெட்டைக் காட்டினேன். காளிமுத்து துண்டை அவிழ்க்கவே இல்லை. "கேஸ் அடிச்சாக்கூட மூக்குல தெரியும்ணே. நீங்க ஊதுறது எதுலயுமே தெரிய மாட்டேங்குதே!"

கடலைப் பார்த்து

சத்தம் வர ஆரம்பித்த பிறகு ஆசை யாரை விட்டது? ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிக்குப் பின்னால் போய், கடலைப் பார்த்து ஒரே நெட்டாக ஊதினேன். எனக்கு அப்போது வந்தது அந்த ஒரு ஸ்வரம்தான். நீளமாக, கனமாக, எருமை கத்துவதுபோல. கண்ணை மூடிக்கொண்டு ஊதியவன் திறந்தபோது எதிரே நாலைந்து பெண்கள் மூச்சிரைக்க நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றது ராக்கம்மா. அவள் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போன போட்டு மட்டும் இன்னும் கரை சேரவில்லை. போனும் எடுக்கவில்லை. இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று விடியலிலிருந்து கரையில் நின்றிருக்கிறாள். என் ஊதலைக் கேட்டு, ஏதோ சேதி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

ட்ரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லத்தா" என்றேன். அவள் மறுபடி கரைக்குப் போனாள். எனக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. நானும் போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். இஞ்சின் பழுதான போட்டை இன்னொரு போட்டு கட்டி இழுத்து வந்து சேர்த்தபோது உச்சி வெயில். எல்லோரும் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு எழுந்தேன். ராக்கம்மா என்னைத் தேடி வந்தாள். முகத்தைத் துடைத்த முந்தானை இன்னும் கையில்தான் இருந்தது. "வந்திருச்சுண்ணே. இப்ப ஊதுங்க அதை, என்னதான்னு கேப்போம்."

தேங்காய் எண்ணெய்

பட்டன்கள் இறுகுகின்றன என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். வீட்டில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கின. கம்பெனிக்குக் கொண்டுபோனால் மூன்றும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அமுக்கினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். இன்னும் எண்ணெய் விட்டேன். இன்னும் மோசமாகப் பிடித்தது. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. பழகிய நாலு பாட்டுகளில் ஒன்றுகூட உருப்படவில்லை. இந்தக் கம்பெனியே என்னை வெளியே விடாது போலிருக்கிறது என்று புலம்பிக்கொண்டு ஒரு காலையில் படியேறினேன்.

டிபன் பாக்ஸோடு கிளம்பி நின்ற மல்லிகா ட்ரம்பெட்டை வாங்கி, பட்டன் ஒன்றைக் கழற்றி, உள்ளே இன்னும் உருகாமல் வெள்ளையாக உறைந்திருந்ததை விரலால் வழித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, மார்கழிப் பனிக்கே தேங்கா எண்ணெய் கட்டிப்போவும். இத்தன வருசமா ஐஸ் போடுற ஒங்களுக்கு இது நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அடுத்த தெரு

வெந்நீரில் கழுவி, தையல் மெசின் எண்ணெய்க்கு மாறிய பிறகு பாட்டுகள் படிந்தன. போனில் பாட்டை ஓடவிட்டு, ஒரு காதில் கேட்டுக்கொண்டே கூட ஊதுவேன். அச்சாக ஒட்டிப்போகும்.

சித்திரையில் மாஸ்டர் கூட்டிப்போனது ஒரு காதுகுத்துக்கு. தாய்மாமன் சீர் ஊர்வலம். பின்னால் தட்டுத் தட்டாகச் சீர், அதற்கு முன்னால் மாலை போட்ட கிடாய், கிடாய்க்கும் முன்னால் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டில் நாங்கள். நல்ல வெயில். முதல் பாட்டை ஆரம்பித்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. விரல் தப்பவில்லை, தாளமும் தப்பவில்லை. ஆனால் என் சத்தம் மட்டும் மற்றவர்களுக்கு மேலே ஏறி, பல்லில் மணல் கடித்ததுபோல நின்றது. மாஸ்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்தில் கிளாரினெட் ஊதிய தானியேல் வாயிலிருந்து அதை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மாமா, பாட்டு சரியாத்தான் வருது. ஆனா நீங்க மட்டும் அடுத்த தெரு காதுகுத்துக்கு ஊதுற மாதிரி இருக்கு."

டம்மி

பேண்டு செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேசிய கணக்குக்கு ஆள் குறைந்தால், யாருக்காவது கோட்டை மாட்டி, கையில் ஒன்றைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அவர் வாயில் வைத்துக்கொண்டே வருவார், ஊத மாட்டார். இரண்டாவது பாட்டுக்கு மாஸ்டர் என் காதருகே வந்து, "நீங்க டம்மியா வாங்க" என்றார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பட்டன்களை மட்டும் அமுக்கிக்கொண்டு நடந்தேன். மறுநாள் ராத்திரி கம்ப்ரசர் முன்னால் உட்காரப்போகிற நான் இப்போதே என் கண்ணில் தெரிந்தேன்.

ஆனால் தாய்மாமன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சவூதியிலிருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்தவர். நேராக வந்து என் முகத்துக்கு நேரே நின்றார். "மாஸ்டர், எல்லாருக்கும் கன்னம் உப்புது. இவருக்கு மட்டும் ஏன் உப்பல?"

வளைந்த குழாய்

மாஸ்டர் ஊர்வலத்தை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார். என் ட்ரம்பெட்டை வாங்கினார். சூட்டில் கை மாற்றிப் பிடித்தார். "முன்னால வளைஞ்சிருக்கே, இந்தக் குழாய எவ்வளவு வெளிய இழுத்து வச்சிருக்கீங்க?" என்றார். "அது வெளிய வருமா?" என்றேன். பற்றவைத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். குளிரில் பித்தளைக்குச் சுருதி இறங்கும், வெயிலில் ஏறும், அந்தக் குழாயை இழுத்துத்தான் சரிபண்ண வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார். நான் பழகியதெல்லாம் ஐஸ் பக்கத்தில். ஊத வந்ததோ சித்திரை வெயிலில்.

துண்டை அந்த வளைவுக்குள் கோத்து, தானியேல் ஒரு பக்கம் பிடிக்க, மாஸ்டர் வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை. உடைந்தால் அதோடு எல்லாம் போச்சு. தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார், கிடாய் கத்தியது. மூன்றாவது இழுப்பில் 'டப்' என்று வந்தது. விரல்கடை அளவு விட்டுச் செருகிக் கையில் கொடுத்தார். அடுத்த பாட்டு ட்ரம்பெட் தனியாக எடுக்க வேண்டிய பாட்டு. எடுத்தேன். ஓரிடத்தில் மூச்சு தட்டியது. ஆனால் கிளாரினெட் வந்து சேர்ந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. தானியேல் இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. தாய்மாமன் அதே பாட்டை மறுபடி கேட்டார்.

பந்தியில் மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எடம் ஒங்களுக்குத்தான்" என்றார். கை கழுவக்கூட இல்லை. இடது கையால் போனை எடுத்து, இனிமேல் வர மாட்டேன் என்று கம்பெனி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மாஸ்டருக்கு ரொம்பச் சந்தோசம். "நல்ல வேலை செஞ்சீங்க. இந்த மாதிரி பகல் சீரெல்லாம் எப்பவாச்சும்தான் வரும். தேர்பவனி, மாப்பிள்ளை அழைப்பு, சாமி ஊர்வலம்னு நம்ம புக்கிங் பூராவும் ராத்திரிதான், விடியத்தான் வீட்டுக்குப் போக முடியும்."

ஊர் ஊர்வலம் போகிற நேரமெல்லாம் ஐஸ் கம்பெனிக்குள் அடைந்து கிடந்தவனுக்கு இது எப்படித் தெரியும் என்று மல்லிகாவிடம் இன்றுவரை வாசற்படியில் நின்றுதான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.