திரைக்குப் பின்னால் நான், நாற்காலியில் அவர்

சண்டை முடிந்து ஜப்பான்காரர்கள் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். நானும் என் வீட்டுக்காரரும் பாடாங் செராய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வாய் எனக்கு, கை அவருக்கு என்று பிரித்துக் கொடுத்த மாதிரி இருப்போம். நான் பேச ஆரம்பித்தால் லயத்துக் கோடி வீடு வரை கேட்கும். அவர் பேசிக் கேட்க வேண்டுமென்றால் காய்ச்சல் வந்து புலம்பினால்தான் உண்டு.

கை என்று சொன்னேனே, அது கத்தி பிடிக்கிற கை இல்லை. பால் வடியச் சீவும்போது பட்டையோடு நிறுத்தத் தெரியாமல் ஆழமாக இழுத்து மரத்தைக் காயப்படுத்திவிடுவார். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, அத்தனை பேர் முன்னாலும் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் அவரை ஏசுவார். இவர் தலையைக் குனிந்து நிற்பார். இன்னும் ஒரு மரம் காயப்பட்டால் கூலி குறைந்த புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மண்டோர் சொல்லியும்விட்டார்.

அதே மனிதர் கோயில் திருவிழா நாடகத்துக்குச் சீன் வரைய உட்கார்ந்தால் ஆளே வேறு. மாவுச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்பு, நீலம், செங்கல் பொடி, அடுப்புக்கரி இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு அரண்மனையே எழுப்பிவிடுவார். திருவிழா முடிந்த பிறகும் பெண்கள் கூட்டமாக வந்து அந்தச் சீனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த நாடகங்களில் எனக்கும் ஒரு வேலை உண்டு. நடிக்கிற ஆண்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது படித்தவள். பெண்பிள்ளை மேடை ஏறக்கூடாது என்பார்கள், ஆனால் படுதாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ராஜா தடுமாறினால் நான் மெதுவாக அடி எடுத்துக் கொடுப்பேன். அவர் அதை வாங்கிக்கொண்டு கர்ஜிப்பார். கைதட்டல் அவருக்கு, கொசுக்கடி எனக்கு.

ஒருநாள் சைக்கிளில் ரொட்டி விற்க வருபவர் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"டவுன்ல ஒரு சிலோன்கார ஐயா நாடக செட்டு ஆரம்பிக்கிறாருண்ணே. சீன் வரைய, படுதா இழுக்க, வெளக்கு பாக்க ஒரு ஆளு வேணுமாம். மாசச் சம்பளம். நேர்ல ஒக்கார வச்சி கேள்வி கேட்டுத்தான் எடுப்பாராம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் முகம் மட்டும் வெளுத்துப்போனது. கேள்வி கேட்பாராம் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"நான் கேக்குறேன், நீங்க சொல்லிப் பழகுங்க" என்றேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். மத்தியானம் பாலைக் கொட்டிவிட்டு வந்து குளித்ததும் நான்தான் ஐயா. வாசலில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியில் நான் உட்கார்ந்தேன், எதிரே இன்னொரு பெட்டியை அவருக்குப் போட்டேன். அவர் தலைத்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒக்காருங்க."

"பெரிய மனுசன் முன்னாடி எப்பிடி ஒக்கார்றது புள்ள?"

"அவரே ஒக்காரச் சொல்லுவாருங்க. இது பெரட்டு இல்ல."

உட்கார வைக்கவே அன்றைய பொழுது போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னாடி, புருசன நிக்க வச்சி வெசாரிக்கிற?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. "நவுரு, நான் கொஞ்ச நேரம் ஐயாவா இருக்கேன்" என்று என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், தினமும் எங்கள் வாசலில் திருவிழாக் கூட்டம். ஆளாளுக்கு ஐயாவாகி அவரைக் கேள்வி கேட்டார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டும், ஆனாலும் எழுந்து போகவில்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

எங்களுக்குத் தெரிந்த பயிற்சி என்றால் நாடக ஒத்திகை ஒன்றுதான். அதனால் கேள்வியை ஒரு வசனமாகவும் பதிலை ஒரு வசனமாகவும் நானே கட்டினேன். எத்தனை வருஷமாகச் சீன் வரைகிறீர்கள் என்பது முதல் கேள்வி. நடுவில் காஸ் விளக்கு மங்கினால் என்ன செய்வீர்கள் என்பது இரண்டாவது. சாயம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது மூன்றாவது. அவர் காதால் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்தார். கேட்கப்போகிறவர் நம் வரிசைப்படி கேட்கமாட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. இரவல் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துச் செம்மண் சாலையில் மிதித்தார். ஐயாவின் வீடு டவுனில் ஒரு கடைக்கு மேலே இருந்தது. அரசாங்க ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். இவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நடுவில் வாசலில் ஒரு துணித்திரை தொங்கியது.

"வாரும் தம்பி, இரும். சாப்பிட்டாச்சோ?" என்று ஐயாவின் குரல் கேட்டது.

"அஞ்சு வருசமாங்கய்யா. பசி தூக்கம் பாக்காம செஞ்சிக்கிட்டு வர்றேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"எந்தத் தோட்டத்தில இருந்து வாறீர்?"

"வெளக்கு மங்குனா கோமாளிய மேடைக்கு அனுப்பிட்டு, அவரு சிரிக்க வைக்கிற நேரத்துல நான் காத்தடிச்சி ஏத்திருவேங்கய்யா."

ஐயா தொண்டையைச் செருமினார். பிறகு, பாவம், விளக்கைப் பற்றியே கேட்டார். "சரி, வெளிச்சத்தை எங்க வைச்சால் ராணியின்ர முகம் நல்லாத் தெரியும்?"

விளக்குப் பதிலைத்தான் ஏற்கெனவே செலவழித்துவிட்டாரே. இவர் ஊமையாகிவிட்டார். எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மேடையில் யாராவது நின்றுபோனால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? எப்போது பெஞ்சை விட்டு இறங்கினேன், எப்போது திரையோரம் குந்தினேன் என்று தெரியாது.

"பக்கவாட்டுல, கொஞ்சம் தாழ்வா" என்று கிசுகிசுத்தேன்.

"பக்கவாட்டுல! கொஞ்சம் தாழ்வா!" என்று உள்ளே ராஜா மாதிரி ஒரு முழக்கம். நாற்காலியில் இருந்தவர் என் வீட்டுக்காரர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த கேள்விக்கும் எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் முழக்கம். உற்சாகத்தில் நான் இருக்கிற இடத்தையே மறந்துவிட்டேன். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது திரை சரக்கென்று விலகியது. கையில் காப்பித் தட்டோடு ஐயாவின் சம்சாரம் நின்றார். நான் அவர் காலடியில் குந்தியிருந்தேன்.

எல்லாம் போச்சு. வீட்டுக்காரர் வேலையை நானே கெடுத்துவிட்டேன், இனி அவர் ஆயுசுக்கும் புல்வெட்டுதான் என்று நினைத்தேன். ஐயா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்த அம்மாதான் தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பிள்ளை, இனி நீர் வாய் திறக்கப்படாது" என்று அந்த அம்மாவே என்னிடம் சொல்லிவிட்டு, மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒரு பெரிய அரண்மனைச் சீனை இவருக்குக் காட்டினார். நடுத்தூணை அழித்துக்கொண்டு மேலிருந்து கீழே வரை பழுப்பாக ஒரு கறை. "தம்பி, கூரை ஒழுகிப் பழுதாப் போச்சுது. என்ன செய்யலாம்?"

இதற்கு என்னிடமும் வசனம் இல்லை. இருந்தாலும் நாக்கு துடித்தது. அந்த அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இவர் எழுந்தார். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. சீன் அருகில் போய், கறையைப் பெருவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"தகரத் துருங்கம்மா. கழுவுனா இன்னும் பரவும். கழுவ வேணாம்." கண்ணைச் சுருக்கிக் கறையை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு, "இத அப்பிடியே அடிமரமா வச்சிக்கலாம். தூண எடுத்துட்டு சன்னல் போட்டா, அரண்மனைக்கு வெளிய ஒரு பெரிய மரம் தெரியுற மாதிரி ஆயிரும். ராணி அங்க நின்னு பாடட்டும். வெளக்க இந்தப் பக்கம் வச்சா கெளையோட நெழலு தரையில விழும்" என்றார். யாரும் சொல்லாமலே கரித்துண்டு ஒன்று கேட்டு வாங்கி வரைய ஆரம்பித்தார். வரைந்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். காப்பி ஆறிப்போனது. இரண்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவள் நான், அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

ஐயா எழுந்து சீனையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்ப வேலைக்கு வர ஏலும்?"

இவர் பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"தோட்டத்துல கணக்கு முடிச்சிட்டு அடுத்த வாரமே வந்துர்றேங்கய்யா" என்றார் அவராகவே.

திரும்பும்போது வழியெல்லாம் அவர்தான் பேசினார். படுதாவுக்கு என்ன நிறம், காட்டுச் சீனில் எத்தனை மரம், நிலாவை எப்படி மேலே இழுப்பது என்று மூச்சிரைக்க மிதித்துக்கொண்டே பேசினார். பிறகு அந்தச் செட்டோடு கரங்கான், கோத்தா கோலா மூடா என்று எங்கெங்கோ போனோம், வசனம் எடுத்துக் கொடுக்க அந்த அம்மா என்னையும் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் எதிரில் ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தடுமாறினால் எனக்கு வாய் துறுதுறுக்கும், ஆனால் நான் சொல்லிக் கொடுக்க நினைப்பதைவிட நல்லதாக ஒன்று அவரிடமே இருக்கும் என்ற நம்பிக்கையில் பேசாமல் காத்திருக்கிறேன்.