கொள்ளிட மணலில் கேட்ட குரல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். மொட்டை மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று என் தங்கச்சி போர்வைக்குள் நடுங்கினால், தண்ணீர்க் குழாயில் காற்று ஏறியிருக்கும், மூடிக்கொண்டு தூங்கு என்பேன். சத்தம் என்றால் எங்கேயோ ஏதோ ஒன்று அசைந்திருக்க வேண்டும், அது காற்றில் வந்து காதில் பட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். காலேஜில் அதைத்தான் படித்தேன், இன்றைக்கும் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். ஆகவே இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள், பரவாயில்லை, ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீடு திருவெறும்பூர். அப்பா பாக்டரியில் வெல்டர். நான் சவுண்ட் இன்ஜினியரிங் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கல்யாண வீட்டுல மைக் செட் போடுறதுக்கு டிகிரி வேணுமா?" என்று என் மாமா அப்பாவிடம் நேராகவே கேட்டார். அப்பா பாவம், "ஆமா மச்சான், நம்ம வீட்டு விசேஷத்துக்கு வெளிய ஆள் கூப்பிட வேணாம் பாருங்க" என்று சமாளித்தார்.

வகுப்பில் எனக்கு ஒட்டிக்கொண்டவள் யாஸ்மின். பாலக்கரைப் பக்கம் வீடு, அத்தா குவைத்தில் வேலை, அம்மாவுக்கு ஒரே பெண். அவளை வெளியே அனுப்ப அவள் அம்மா வைத்திருந்த ஒரே நிபந்தனை, "கவி கூட வர்றாளா?" என்பதுதான். கவி என்பது நான், கவிதா. நான் வருகிறேன் என்றால் ஒரு வார்த்தை மறுப்பு இருக்காது.

கடைசி வருஷத்தில், எங்களுக்கு முன்பே படித்து முடித்த சீனியர் ஒருவர் எடுத்த குறும்படத்துக்கு நாங்கள் சத்தம் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. வறண்ட ஆற்றின் அமைதி வேண்டும், அதற்குப் பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண் மணலில் நடந்து வரும் காலடி வேண்டும். ஸ்ரீரங்கத்தின் வடக்கே கொள்ளிடம் அப்போது மணல்காடாகக் கிடந்தது. வண்டிச் சத்தம் எழும்புவதற்கு முன் முடித்துவிடலாம் என்று விடியும்போதே போய் இறங்கினோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் பதிவு செய்தாலும் அந்த இடத்தின் வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் தனியாகப் பிடித்து வைப்போம். எடிட்டிங்கில் ஓட்டை விழுகிற இடத்தில் எல்லாம் அதைத்தான் வைத்து அடைப்பார்கள். ரெக்கார்டர் வைத்திருப்பவர் கையைத் தூக்கிவிட்டால் கூட இருப்பவர்கள் சிலையாக நிற்க வேண்டும். இருமக் கூடாது, செருப்பை நகர்த்தக் கூடாது, அவர் "கட்" சொல்லும் வரை உலகமே இடிந்தாலும் அசையக் கூடாது. இந்த விஷயத்தில் யாஸ்மினை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை காலில் கட்டெறும்பு கடித்துக் கண்ணீர் வழிய நின்றாள், ஒரு முனகல் இல்லை.

அன்று நான் கரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். காலடிக்கு அங்கிருந்துதான் நடந்து வர வேண்டும் என்பதால் யாஸ்மின் ஆற்றின் நடுவில் ஒரு மணல்மேட்டில் போய் நின்றாள். அந்த மேட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த வாய்க்கால் மாதிரி பள்ளம், காய்ந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் கையைத் தூக்கினேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முதுகைக் காட்டிச் சிலையானாள்.

நன்றாக இருந்தது. எங்கேயோ ஒரு செம்போத்தின் கூவல், நாணலில் காற்று, அவள் துப்பட்டா படபடப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

முதலில் ஏதோ கேபிள் கோளாறு என்று நினைத்தேன். கண்ணுக்கு எட்டிய வரை மணல், ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஹெட்போனைக் கழற்றினேன், தண்ணீர்ச் சத்தமே இல்லை. மறுபடி மாட்டினேன், இருக்கிறது, இப்போது இன்னும் பக்கத்தில், பெரிய வெள்ளம் கல்லில் மோதிப் புரள்கிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல். தண்ணீரை விழுங்கிவிட்டு ஒரு பெண் இருமுகிறாள், இருமலுக்கு நடுவில் ஒரு விக்கல், மூச்சு முட்ட, "கவி... போதும்டி... கட் சொல்லு" என்கிறாள்.

யாஸ்மினின் குரல். நம்பினால் நம்புங்கள், அந்த நேரம் யாஸ்மின் என் கண் எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிறாள்.

"கட்! கட்! ஓடி வாடி, ஓடி வா!" என்று கத்தினேன். அவள் திரும்பி, ஏதோ பாம்பைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பள்ளத்தில் இறங்கி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரையேறினேன்.

"ஏன்டி, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு? பாதியில கத்திக் கெடுத்துட்டியே!" என்று திட்டினாள்.

"தண்ணி சத்தம் கேட்டுச்சுடி" என்றேன். குரலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீ சாகிற சத்தத்தைக் கேட்டேன் என்று ஒரு தோழியிடம் எப்படிச் சொல்வது?

கரைமேல் ஒரு டீக்கடை. என்னை உட்கார வைத்து அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் எங்களையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆத்துக்குள்ளயா இருந்தீங்க? மேல மழைன்னு கொள்ளிடத்துல தண்ணி தொறந்திருக்காங்க, யாரும் எறங்காதீங்கன்னு நேத்தே ஆட்டோவுல சொல்லிட்டுப் போனாங்களேம்மா" என்றார். நாங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், எங்களுக்கு எங்கே தெரியும்? அவர் பேசி முடிக்கவில்லை, மேற்கே மணலின் மேல் பழுப்பாக ஒரு நுரை ஓடி வந்தது. முதலில் அந்தத் தாழ்ந்த பள்ளம்தான் நிறைந்தது. யாஸ்மின் நின்ற மேடு தனித் தீவாக நின்றது, டீ ஆறுவதற்குள் அதுவும் காணாமல் போனது. யாஸ்மினுக்கு நீச்சல் தெரியாது. அவள் கையிலிருந்த டம்ளர் டீயோடு கீழே விழுந்தது.

தூரத்தில் வந்த வெள்ளத்தின் சத்தம்தான் கேட்டிருக்கும், மைக் என்றால் காதைவிடக் கூர்மைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலேஜ் லேபில் அந்தப் பதிவைத் திறந்தோம். திரையில் ஒரு கோடு. ஏற்றமில்லை, இறக்கமில்லை, தொடக்கம் முதல் கடைசி வரை நேராக ஒரு கோடு. செம்போத்து இல்லை, காற்று இல்லை, நான் போட்ட கூச்சல்கூட இல்லை. அந்த வகை மைக்குக்கு ரெக்கார்டரிலிருந்துதான் கரண்ட் போக வேண்டும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அவசரத்தில் அதைப் போட மறந்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். ஆனால் சுவிட்ச் போடாவிட்டால் அந்த மைக் வெறும் இரும்புக் குழாய், ஹெட்போனில் ஒரு மண்ணும் கேட்காது.

"அப்ப நீ எதைத்தான்டி கேட்ட?" என்றாள் யாஸ்மின். சொல்லும்போதே அவள் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

லேப் சாரிடம் சொன்னோம். "பயத்துல அப்படித் தோணியிருக்கும்மா" என்றார். பயமே அந்தச் சத்தத்துக்குப் பிறகுதானே வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அதே ஹெட்போனோடு எத்தனையோ தடவை மாடியில் நின்று பார்த்திருக்கிறேன், காதில் பஞ்சு அடைத்தது போல இருக்கும், வேறொன்றும் இல்லை.

யாஸ்மினின் அம்மா விசாரணை எதுவும் செய்யவில்லை. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைய ரெண்டாவது தடவ பெத்துக் குடுத்துருக்கம்மா நீ. எந்தத் தொழுகையிலயும் உனக்கு துஆ கேக்காம எந்திரிக்க மாட்டேன்" என்று அழுதார். நோன்பு வந்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வந்துவிடும். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கும், நான் என்ன செய்தேன், காதில் விழுந்தது, கத்தினேன். என் நன்றியைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. யாஸ்மின் என் பக்கத்தில் உட்கார்ந்து வளவளவென்று பேசும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், யாராக இருந்தாலும் சரி, நல்லா இருங்க.

இப்போது தில்லைநகரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் நான் ஒலிப்பதிவு செய்கிறேன். ஜவுளிக்கடை விளம்பரம், கதைகளை வாசித்துப் பதிவு செய்வது, இப்படி ஓடுகிறது. யாஸ்மின் குரல் கொடுக்க வருவாள். போன வருஷம் ஒரு கதையில் ஒரு பெண் கிணற்றில் விழுகிற கட்டம். காகிதத்தில் "அலறல்" என்று மட்டும்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாஸ்மின் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துக்கொண்டே அலறினாள், நிஜமாகவே புரையேறிவிட்டது. இருமினாள், இருமலுக்கு நடுவில் ஒரு விக்கல் வந்தது. மூச்சு முட்ட என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "கவி... போதும்டி... கட் சொல்லு" என்றாள்.

அதே தண்ணீர்ச் சத்தம், அதே குரல், அதே இருமல், அந்த விக்கல்கூட அதே இடத்தில். என் காதில் ஹெட்போன்.

"கட்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஏன்டி அழுவுற? டேக் நல்லா வரலயா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"வந்துருச்சுடி. ரொம்ப நல்லா வந்துருச்சு" என்றேன்.

அன்றைக்கு ஆற்றில் நான் கேட்டது அவள் சாகிற குரல் இல்லை. அவள் பிழைத்து, பல வருஷம் கழித்து, என் எதிரே உட்கார்ந்து புரையேறி இருமிய குரல். அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பாருங்கள், அந்தக் கட்டத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது, வேண்டாத டேக்குகளை அழித்துவிடு என்று முதலாளி வாரா வாரம் கேட்கிறார். மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். யாஸ்மின் இருமிய அந்த டேக்கை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. அழித்துவிட்டால், அன்றைக்குக் கொள்ளிடத்தில் என் காதில் என்ன கேட்டிருக்கும்?