அரை டப்பா பவுடர்

கொடைக்கானல் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எனக்குப் படிப்பு இல்லை. அதற்குப் பதிலாக அரை டப்பா பவுடரை முகத்தில் கொட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் சால்வை போர்த்திய ஒரு கறுத்த பெண். வரிசை நகரும்வரை, "வெல்கம் சார், வெல்கம் மேடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் பேச்சைக் கேட்டதும் மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிலோன்காரங்களா? முன்னால நிக்க கலர் வேணும்மா. பாத்திரம் கழுவ வாறியா?"

"நீங்களும் என் கலருதானுங்களே சார்? ஒங்கள யாரு முன்னால ஒக்கார வச்சது?"

நான் சிரித்துத் தொலைத்தேன். இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

வெளியே சாரல். என் பவுடர் கோடு கோடாக வழிந்தது. அவள் சால்வை நுனியை நீட்டினாள்.

"தொடைங்கண்ணே. ஒங்க மூஞ்சி நல்லாத்தானே கெடக்கு."

அவளை எந்த ஹோட்டலாவது முன்னால் நிறுத்தியதா, தெரியவில்லை. என் மூஞ்சி நல்லாயிருக்கு என்று என் பொண்டாட்டிகூட இன்றுவரை சொன்னதில்லை.