பைனுக்கும் சீலுக்கும் தாகம்

ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகள் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் முட்டை வாங்கி வந்தாள். ஸ்காட்ஸ் பைன் மரத்தையும் ஹார்ப் சீல் என்ற கடல்நாயையும் ஒப்பிட்டு எழுதச் சொன்ன கேள்வி. கடலோர மண்டபம் ஊருக்குப் போகிற வழியில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் இரண்டையும் யார் கண்டார்கள்? அது கிடக்கட்டும். அவள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பனி நாட்டில் தண்ணீர் உறைந்து கிடக்கும், வேரால் உறிஞ்ச முடியாது, அதனால் பைன் தன் இலையை ஊசியாக்கி இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றுகிறது என்று எழுதியிருந்தாள். சீல் கடலிலேயே கிடந்தாலும் அதற்கு வேண்டிய நீர் பெரும்பாலும் தின்கிற மீனிலிருந்துதான் கிடைக்கிறதாம். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை, எங்கள் ஊரைப் போல என்று முடித்திருந்தாள்.

எங்கள் ஊர் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். காலையில் என்னோடு குடவண்டி தள்ளி, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அவள். அவளுக்குத் தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்? அந்த விடையின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. தனக்கு மண்டையில் ஒன்றுமில்லை, இனிமேல் சொந்தமாக எதையும் எழுதப்போவதில்லை என்றாள்.

மறுநாள் மிளகாய் பறிக்கப் போகாமல் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் விடைத்தாளை நிதானமாகப் படித்தார்.

"தப்பில்லம்மா, சரியாத்தான் எழுதியிருக்கா. ஆனா கைடுல ரெண்டும் குளிரத் தாங்குது, அதுதான் ஒற்றுமைன்னு இருக்கு. நான் என்ன செய்ய?"

சரி என்று தெரிந்தே கோடு போட்டிருக்கிறார்.

"மார்க்கு வேணாம் டீச்சர். தப்பில்லைங்கிறத அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். சொல்லவே இல்லை. நான் சொன்னேன். நீ என் அம்மா, அப்படித்தான் சொல்லுவாய் என்று மகள் நம்ப மறுத்தாள். முழுப் பரீட்சைக்கு முந்தின வாரம் கேட்டாள்.

"இதே கேள்வி வந்தா எதம்மா எழுத?"

வழி நெடுக டீச்சரைத் திட்டிக்கொண்டு வந்த அதே வாயால், "கைடுல உள்ளத எழுது" என்றேன்.

உடனே கைடை எடுத்து மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை என்னை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.