பாலைவனப் பெரியவருக்கு நான் மொழிபெயர்த்த கதை

நான் சேவைக் கழகத்தில் சேர்ந்தது சேவை செய்வதற்காக அல்ல. லண்டன் லூயிஷாமில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருப்பவனுக்கு நாலு பெரிய மனிதரின் பழக்கம் வேண்டும் என்று மனைவி சொன்னாள். நாலு பேரும் அங்கே இருந்தார்கள். என் கெட்ட காலம், நால்வருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது.

பாலைவன நகரமொன்றிலிருக்கும் சகோதரக் கழகத்துக்குப் பரிமாற்றக் குழு அனுப்புவதென்று முடிவானபோது முதலில் அடிபட்டது என் பெயர்தான். குழுப் படத்தில் எல்லாரும் ஒரே நிறமாக நின்றால் அழகில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உங்களுக்கு வெயில் பழக்கம்தானே" என்றார் குழுத் தலைவி. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் சொன்னால் அது சரி. இலங்கையிலிருந்து அகதியாக வந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமானதெல்லாம் பஸ் தரிப்பிடத்து மழை.

பாலைவனத்து மக்களுக்கென்று எங்கள் கழகத்துப் பெண்கள் கம்பளிப் போர்வைகள் பின்னித் தந்திருந்தார்கள். எங்களை ஏற்றிச் செல்ல வந்த காரில் இருக்கையே குளிரூட்டப்பட்டிருந்தது. அங்கத்தைய கழகத்துச் செல்வந்தர்கள் போர்வைகளைப் பார்த்துவிட்டு, குழந்தை கிறுக்கிய படத்தை வாங்கிக்கொள்ளும் மாமாமாரைப்போல, ரொம்ப நல்லது என்றார்கள். எனக்குக் கூசியது. தலைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

பண்பாட்டுச் சுற்றுலா என்று ஒரு நாள் எங்களைப் பாரம்பரியக் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையைவிட வயது குறைந்த பாரம்பரியம். கூடாரத்துக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நீண்ட வெள்ளை அங்கியும் வெண்தாடியுமாக ஒரு பெரியவர், பித்தளைக் கூஜாவை உயரத் தூக்கிச் சின்னக் கோப்பைகளில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பாலைவனத்தின் ஆதிக்குடி, தன் மொழியைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று மேலாளர் அறிமுகப்படுத்தினார். தலைவி நெஞ்சில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் அழைப்பு வந்தது. கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"பொயிலர் நிண்டுபோச்சு. நான் இஞ்சை பச்சைத் தண்ணியிலை குளிக்கிறன். நீங்கள் அங்கை ஒட்டகத்துக்குப் பக்கத்திலை நிண்டு பல்லைக் காட்டுங்கோ!"

ஆதிக்குடியின் தோள் குலுங்கியது. காப்பி என் காற்சட்டையில் கொட்டியது.

"ஐயையோ, குறை நினைக்காதேங்கோ அண்ணை."

நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். தாடிக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதுகூட இராத ஒரு பொடியன் இருந்தான், பேச்சு மன்னார்ப் பேச்சு.

"காட்டிக் குடுத்திடாதேங்கோ," என்றான் குனிந்து துடைத்தபடி. "நான் ஆரெண்டு விருந்தாளியளுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். விசாவும் முடியப்போகுது. ஊரிலை வீட்டுக்குக் கூரை இன்னும் போடேல்லை."

தலைமையாசிரியைக் காதுக்கு எதுவும் தப்பாது. "உங்களுக்கு அரபு தெரியுமா!" என்று வந்துவிட்டார். ஆச்சரியப்பட்டாரே தவிரச் சந்தேகப்படவில்லை. எங்கள் நிறத்தவனுக்கு எங்கள் நிறத்து மொழிகளெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால், பிறகு அவர் உங்களிடம் என்ன மொழியில் பேசினார் என்று கேட்பார். தலையாட்டினேன்.

"இவர்கள் எவ்வளவு காலமாக இங்கே வாழ்கிறார்கள் என்று கேளுங்கள்."

"எவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறீர்?"

"போன வருசம் வந்தனான் அண்ணை."

"தலைமுறை தலைமுறையாக," என்றேன் ஆங்கிலத்தில்.

"பாலைவனம் இவருக்குக் கற்றுத் தந்தது என்ன?"

அவன் பாவமாகப் பார்த்தான். "தாடிப் பசை கடிக்குது. சொறியவும் ஏலாது. நீங்களே ஏதாவது சொல்லி விடுங்கோ."

"பொறுமை," என்றேன். தலைவியின் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் மேலாளர் எங்களுக்குப் பின்னால் நிற்பதைக் கண்டேன். கோட்டும் சூட்டுமாக நின்ற அந்த மனிதர் கேரளத்துக்காரர். எங்கள் தமிழ் ஒரு சொல் விடாமல் அவருக்கு விளங்கியிருக்கும். பொடியன் கூஜாவைக் கீழே வைத்தான். என் கெட்டித்தனத்தால் ஒருவன் வீடு கூரையில்லாமல் நிற்கப் போகிறது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "மிகச் சரியான மொழிபெயர்ப்பு," என்றார் தலைவியிடம், நல்ல ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் சாய்ந்து, "போதும் சாரே. எனக்கும் வேலை வேணும். எல்லாரையும் பஸ்ஸில் ஏத்து," என்றார்.

போகுமுன் பொடியனுடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

லண்டன் திரும்பியதும் கழக மண்டபத்தில் படக்காட்சி நடந்தது. திரை நிறையப் பெரியவரின் முகம். தலைவி 'பொறுமை' என்று சொல்லிச் சற்று நிறுத்தினார். மண்டபம் உருகியது. என் மனைவி மட்டும் காதருகே வந்து, "இந்தாளின்ரை முகவெட்டு எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு," என்றாள். பேசாமல் பாரும் என்றேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவி அடுத்ததை அறிவித்தார். பாலைவன நகரத்துக் குழு இங்கே வரப்போகிறது. நான் என் பாரம்பரிய உடையில், எங்கள் இனத்தின் தேநீர்ச் சடங்கைச் செய்து அவர்களை வரவேற்பேனாம்.

"எங்களிட்டை அப்பிடி ஒரு சடங்கு இருக்கே?" என்றாள் மனைவி.

"இனி இருக்கும்."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் தேத்தண்ணிப் பையைக் கோப்பைக்குள் போட்டுச் சுடுதண்ணீர் விடுவேன். அதுதான் என் சடங்கு. வேட்டியோ இடுப்பில் நிற்காது, பெல்ட் கட்ட வேண்டும். ஆனால் மாட்டேன் என்று எழுந்து சொல்ல நா எழவில்லை. அந்த நாலு பேரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார், என் கடையில் வாங்கியது.

வீட்டுக்கு வந்து மன்னார்ப் பொடியனுக்கு அழைத்தேன். தலைவி மேலாளருக்கு எழுதி அனுப்பிய பாராட்டுக் கடிதம் வேலை செய்திருந்தது. விசா புதுப்பித்துவிட்டார்களாம், கூரைக்கு ஓடு வாங்கியாயிற்றாம். இப்போது அவனைக் குலத் தலைவனாக உயர்த்தியிருக்கிறார்களாம். மனம் நிறைந்துவிட்டது. பிறகு என் சங்கதியைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, தொழில் தெரிந்தவனாகக் கேட்டான்.

"கையை நல்லா உயர்த்தி ஊத்துங்கோ அண்ணை. ஏதும் கேட்டா மெல்லமா யோசிச்சு, தூரத்தைப் பாருங்கோ. எவ்வளவு காலமா இருக்கிறியள் எண்டு மட்டும் கட்டாயம் கேப்பினம்."

"அதுக்கு என்ன சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை அண்ணை. பக்கத்திலை நிக்கிறவை சொல்லுவினம்."