அவிசாவளையில் வாங்கிய கிட்டார்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து ஆசிரியையானவள் நான். முதல் சம்பளத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாங்க, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அப்பாவோடு தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளைக்குப் போனேன்.

இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். ரப்பர் கன்று நட வரிசை பார்ப்பதுபோல், அப்பா ஒற்றைக் கண்ணை மூடி அதன் கழுத்தைப் பார்த்தார்.

“இது வளைஞ்சிருக்கு புள்ள. பக்கத்துல உள்ளத எடு, வெலயும் அதேதான்.”

கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார்: “யார் இவர்?”

அப்பாவின் விரல்களில் பால் கறை. “சாமான் தூக்க வந்த தோட்டத்து ஆள்” என்று சிங்களத்திலேயே சொன்னேன். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும் என்பது, சொன்ன பிறகுதான் உறைத்தது.

அப்பா காட்டியதையே வாங்கினேன். அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கடைக்காரர் காதுபட, “போவோங்களா மிஸ்?” என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடமிருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தார். என் பொய்யைக் கடைசிவரை அவர்தான் காப்பாற்றினார். மன்னிப்புக் கேட்கும் தைரியத்தை எந்தப் படிப்பும் எனக்குத் தரவில்லை.