மதிலுக்கு மேல் நீட்டிய பன்னீர் ரோஜா

சிறுவாணித் தண்ணீர் கோயமுத்தூரில் குழாய்வழி வரத் தொடங்கிய புதிதில், என் மனைவி எங்கள் புறக்கடையில் ஒரு பன்னீர் ரோஜாப் பதியனை நட்டாள். அதற்குமுன் உப்புக் கிணற்று நீரில் இரண்டு பதியன்கள் கருகியிருந்தன. இது நல்ல தண்ணீர் கண்டதும் புதராக மண்டியது. விடியலில் விரியும் பூ, வெயிலேறினால் இதழைக் கொட்டிவிடும். ஆகவே பனியோடு பறித்து, முதல் பூக்களை மதிலுக்கு மேலே அடுத்த வீட்டு அம்மாளிடம் நீட்டுவாள்.

"வாசம் செவுரேறிக் குதிச்சு வருதுங்க அம்மணி, திருடனாட்ட," என்று வாங்கிச் சூடிக்கொள்வார் அவர்.

எங்கள் பக்கத்தில், நீட்டிய பூவைச் சுமங்கலிகள் மறுப்பதில்லை.

சில ஆண்டுகளில் மனைவிக்குக் காசநோய் கண்டது. தெருவுக்கும் தெரிந்தது. அந்த அம்மாள் அப்போதும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒருநாள் காலை, வாங்கிய பூக்களைச் சாக்கடையில் போட்டுவிட்டு அவர் கைகழுவியதை, என் மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள்.

பூவால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று எடுத்துச் சொல்லக் கிளம்பினேன்.

"போகாதீங்க. அவியளுக்கும் கொழந்தைக இருக்குதுங்க," என்றாள். "நீங்க சொன்னா வெச்சுக்குவாங்க. பயந்துக்கிட்டு வெச்சுக்கற பூவு எனக்கெதுக்குங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாயின் அச்சத்தைக் குற்றமென்று சொல்ல எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. அதனாலேயே அந்தத் துயரத்துக்குப் பரிகாரமும் கிடைக்கவில்லை.

அதன்பின் அவள் பூப்பறிக்கவில்லை. செடியை மட்டும் விடவில்லை. கவாத்துக் காலத்தில் நாற்காலியில் அமர்ந்தபடி, "காஞ்ச குச்சிய மட்டும் வெட்டுங்க. உங்க மொகத்தாட்ட வழிச்சுப்போடாதீங்க," என்று சிரித்து, இருமினாள். யாரேனும் ஒருவர் மனமுவந்து ஒரு பூவை வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்ற ஏக்கம் அவளுக்கு இருந்தது. சொன்னதில்லை; ஆனால் மதிலருகே வளையல் ஒலித்தால் தலையைத் திருப்புவாள்.

தை மாதத்தில், செடி நிறையப் பூத்திருந்த நாளில் இறந்தாள்.

அடுத்த வீட்டு அம்மாள் வந்து, நேரே புறக்கடைக்குப் போய்ப் பூப்பறித்தார். முள் கிழித்த கையோடு தொடுத்து, அவள் கூந்தலில் சூட்டினார். பிறகு, பூவும் பொட்டுமாகப் போனவளின் ஆசி வேண்டிச் சுமங்கலிகள் செய்யும் வழக்கப்படி, அதிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடலை எடுக்கும்வரை அந்தப் பூ அவர் தலையிலேயே இருந்தது.